இரவல் நான்

வாயாடிக்கும் அவள் அண்ணிக்கும் அந்த வாரம் மூண்ட சண்டை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் 'சமாதி'.

இருவரும் உரைபெயர்ப்பாளர்கள். மாநாடுகளில் மேடையில் ஒருவர் வேற்று மொழியில் பேசப் பேச, அரங்கின் பின்பக்கத்தில் கண்ணாடி பதித்த ஒரு சின்ன மரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அதே நேரத்தில் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிற வேலை. அரங்கில் இருப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தமிழில் கேட்பார்கள். ஒரே ஆள் தொடர்ந்து செய்தால் மூளை குழம்பிவிடும் என்பதால் எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போவார்கள். அரை மணிக்கொரு முறை மைக் கை மாறும். ஓய்வில் இருக்கிறவளும் சும்மா இருக்க முடியாது. எண்களையும் பெயர்களையும் சீட்டில் எழுதிப் பேசுகிறவள் பக்கம் நகர்த்த வேண்டும்.

வாயாடி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாய் ஓயவில்லை என்று அப்பா சொல்லுவார். அந்த வாயே சோறு போடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அண்ணி அவளோடு பயிற்சி வகுப்பில் படித்தவள், ஒரே வயது. தோழியை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள் வாயாடி. அண்ணன் கதவைத் திறந்தான். அவ்வளவுதான், அடுத்த வருடம் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இனி அவள் உனக்கு அண்ணி, வாடி போடி எல்லாம் கூடாது என்று. நேற்றுவரை 'ஏய்' என்று கூப்பிட்டவளை இன்று 'வாங்க அண்ணி' என்று சொல்ல நாக்கு மடங்க நாளாயிற்று. இப்போதும் சண்டை முற்றினால் இருவருக்கும் நடுவில் அந்த மரியாதை கழன்று விழுந்துவிடும்.

யோகத் தத்துவத்தைப் பற்றி ஒரு மாநாடு. முக்கிய உரை ஒரு பேராசிரியருடையது. தலைப்பு, சமாதியும் உள்விழிப்பும். மாநாட்டுக்கு முன்னால் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு சொற்களைப் பிரித்து மேய்ந்தார்கள். சமாதியைச் சமாதி என்றே சொல்லிவிடலாம், தத்துவம் கேட்க வருகிறவர்களுக்குப் புரியும் என்றாள் அண்ணி. புரியாது என்றாள் வாயாடி.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன், மேசையின் மறுமுனையில் யாருடைய கண்ணாடிச் சட்டத்துக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கினான்.

"சமாதின்னா செத்தவங்களுக்குக் கட்டுறதுதானே? அதைப் பத்தி அவர் எதுக்கு ரெண்டு மணி நேரம் பேசுறாரு?"

வாயாடி அண்ணியைப் பார்த்தாள். "கேட்டுக்கோங்க அண்ணி. அரங்குல பாதிப் பேர் இந்த ரகம்தான்."

அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றுதல், லயித்தல், தோய்தல், ஆழ்தல் என்று வாயாடி எடுத்து வைத்த ஒவ்வொரு சொல்லையும் தட்டிவிட்டாள். லயித்தல் என்றால் பாட்டுக் கச்சேரி போலிருக்கிறது; தோய்தல் என்றால் துணி ஞாபகம் வருகிறது. சோறு ஆறிப்போன பிறகு ஒரு உடன்பாடு ஏற்பட்டது. முதல் முறை 'சமாதி, அதாவது ஒன்றுதல்' என்று சொல்வது. அதன் பிறகு ஒன்றுதல் மட்டும். வாயாடிக்குப் பாதி வெற்றி. அதற்கே அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விசிலடித்தாள்.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. வேலை செய்யும்போது அவளுக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டே இருப்பாள். இந்த வாக்கியம் பிரமாதம், இந்தச் சொல் சறுக்கல், குரல் கொஞ்சம் கீச்சிடுகிறது, பரவாயில்லை சமாளித்துவிட்டாய். கூண்டிலிருந்து பார்த்தால் அரங்கின் பின்னந்தலைகள் தெரியும். அண்ணி பேசும்போது யாராவது ஹெட்போனைக் கழற்றி வைத்தால் வாயாடியின் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு வெல்லக்கட்டி கரையும். அவள் பேசும்போது யாராவது கழற்றினால், அந்த ஆள் மறுபடி மாட்டுகிறவரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அண்ணிக்கும் இதே வியாதி உண்டு என்பது அவளுக்கு நிச்சயம். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

உரை நாளன்று காலை அரங்கு நிறைந்துவிட்டது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். வேலை முடித்து நேரே வந்த செவிலி ஒருத்தி சீருடையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒலிக்காரர் கூண்டுக்குள் தலையை நுழைத்து, ஹெட்போன் எல்லாம் தீர்ந்துபோச்சு, இவ்வளவு கூட்டம் தமிழுக்கு வந்து நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வாயாடி சீட்டுகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. கூண்டுக்குள் புதுப் பலகை வாசனையும் பழைய கம்பள வாசனையும் கலந்து அடித்தன. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு சின்ன விளக்கு, இரண்டு மைக். நீட்டினால் ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடிக்கும்.

முதல் அரை மணி அண்ணியுடையது என்று ஏற்கெனவே சீட்டுக் குலுக்கி முடிவாகியிருந்தது. முந்தின நாள் முழுக்க ஏசியின் குளிர்காற்று முகத்தில் அடித்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததில் அண்ணியின் தொண்டை கரகரத்துக் கிடந்தது. சுடுதண்ணீரில் சமாளித்துவிடுவேன் என்றாள். வாயாடி சும்மா இருக்க மாட்டாமல், வேண்டுமானால் முதலில் நான் எடுத்துக்கொள்கிறேனே என்று கேட்டுப் பார்த்தாள். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள்.

பேராசிரியர் மேடையேறினார். முழு வழுக்கை, கழுத்தில் சரடு கட்டித் தொங்கும் கண்ணாடி. கையில் ஒரு காகிதம்கூட இல்லை. காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவர் எங்கே போவார் என்று ஊகிக்கலாம். மனதிலிருந்து பேசுகிறவர் கட்டவிழ்த்த காளை.

அண்ணி நன்றாகத்தான் தொடங்கினாள். மனதை ஓரிடத்தில் கட்டுவது முதல் படி என்றார் பேராசிரியர். கட்டினால் அது அறுத்துக்கொண்டு ஓடும். மறுபடி பிடித்து வந்து கட்ட வேண்டும். இப்படிக் கட்டிக் கட்டியே ஒருவருடைய ஆயுள் போய்விடலாம். அரங்கு சிரித்தது. தமிழ் கேட்டவர்களும் சரியான நேரத்தில் சிரித்தார்கள் என்பதை வாயாடி ஒரு சின்னப் பொறாமையோடு கவனித்தாள். அடுத்த வாக்கியத்தில் அண்ணியின் தொண்டை அடைத்தது. மைக்குக்குப் பக்கத்தில் இருமல் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்திக்கொண்டிருக்கும்வரை சத்தம் வெளியே போகாது. அண்ணி அதை அழுத்திக்கொண்டு இருமினாள். விட்டாள், இரண்டு சொல் பேசினாள், மறுபடி அழுத்தினாள். கண்ணில் நீர் வழிந்தது. மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது.

வாயாடி கேட்காமலே தன் மைக்கின் பொத்தானைத் தட்டினாள். விளக்கு சிவந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தை அப்படியே ஏந்திக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கணம் அவளுக்கு வந்தது இரக்கம் அல்ல. நிறைந்த அரங்கு, பெரிய உரை, முழுசும் என் கையில் என்று உள்ளே ஒரு துள்ளல். மார்க் போடுகிறவள் குஷியாகிவிட்டாள். பேராசிரியர் அடுத்த படிக்குப் போனார். கட்டுகிற வேலை நின்று, மனம் தானாகவே அறுபடாமல் ஒரே பக்கம் ஓடினால் அது தியானம் என்றார். வாயாடி அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஊற்றுவது போலச் சொன்னாள். அருமை என்றாள் உள்ளே இருந்தவள். செவிலி தலையை ஆட்டினாள். பார், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றாள் உள்ளே இருந்தவள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நொடியில் வாயாடி ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டாள்.

பேராசிரியருக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டார். பேச்சு வேகமாயிற்று, வாக்கியங்கள் நீண்டன. அவருடைய மொழியில் வினைச்சொல் முன்னாலேயே வந்து நின்றுவிடும். தமிழில் அதற்கு இடம் கடைசியில். சுடுபாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வைக்க இடம் தேடுகிறவள் போல, ஒவ்வொரு வினையையும் ஏந்திக்கொண்டு வாக்கியத்தின் கடைசிவரை ஓட வேண்டும். அதற்குள் அவர் அடுத்த பாத்திரத்தை நீட்டுவார்.

மைக் அவள் கைக்கு வந்து அரை மணி தாண்டிவிட்டது, இனி அண்ணியின் முறை. வாயாடி திரும்பிப் பார்த்தாள். அண்ணி தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கித் தலையை அசைத்தாள். மாற்று ஆள் கிடையாது. சொற்கள் வழுக்கின. 'அறிபவன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அறியாதவன்' என்றாள், திருத்தினாள், திருத்துவதற்குள் இன்னொன்று போயிற்று. போச்சு, மானம் போச்சு, அதோ ஒருவர் ஹெட்போனில் கை வைக்கிறார், கழற்றப் போகிறார் என்று உள்ளே இருந்தவள் அலறினாள். அண்ணி ஒரு சீட்டில் பேராசிரியரின் சொல்லைப் பெரிதாக எழுதி நகர்த்தினாள். வாயாடி அதைப் பிடித்தாள், அடுத்ததைப் பிடித்தாள். பிறகு பிடிக்கிற வேலைக்கே ஆள் போதவில்லை. மார்க் போடுகிறவளுக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று.

எப்போது அது நடந்தது என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. கேட்பது ஒன்று, பேசுவது ஒன்று என்று இரண்டாக இருந்த வேலை ஒன்றாகிவிட்டது. அவர் வாய் திறந்தார்; தமிழ் வந்தது. வினைச்சொற்கள் தாமாக வந்து தம்முடைய இடத்தில் உட்கார்ந்தன. தேடவில்லை, ஓடவில்லை. அவள் தூங்கிப்போகவோ மயங்கிப்போகவோ இல்லை. மாறாக எல்லாமே துல்லியமாக இருந்தது. இடது பாதம் மரத்திருப்பது தெரிந்தது. அண்ணியின் பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. ஹெட்போனில் கை வைத்தவர் அதை இன்னும் நெருக்கிப் பொருத்திக்கொள்வது தெரிந்தது. அவை எல்லாவற்றுக்கும் நடுவில் தன் குரல், வேறு யாருடையதோ போல, பதற்றமே இல்லாமல் போய்க்கொண்டிருப்பதும் தெரிந்தது. அதைக் கேட்டு மகிழவோ கவலைப்படவோ அங்கே யாரும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு ஒரு முதல் விதி உண்டு. மேடையில் இருப்பவர் 'நான்' என்றால் கூண்டும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்பதெல்லாம் கிடையாது. மந்திரி 'நான் ராஜினாமா செய்கிறேன்' என்றால் வாயாடியும் ராஜினாமா செய்வாள். தாடிக்கார விஞ்ஞானி 'என் மனைவி' என்றால் அந்த ஒரு நிமிடத்துக்கு அவளுக்கும் ஒரு மனைவி உண்டு. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய 'நானை' இரவல் வாங்கிச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு முறைகூட யோசித்ததில்லை.

பேராசிரியர் கண்ணை மூடியபடியே சொன்னார். கூண்டிலிருந்து அது தமிழாக வந்தது.

"நான் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் பேசுவதை நான் அறிந்துகொண்டும் இருக்கிறேன். பேசுகிற நான் களைத்துப்போகும், தடுமாறும், புகழுக்கு ஏங்கும். அறிந்துகொண்டிருக்கிற நானுக்கு இதில் எதுவும் ஒட்டுவதில்லை. அப்படியென்றால், நான் என்று நான் யாரைச் சொல்கிறேன்?"

அந்த 'நான்' வாயைவிட்டுப் போனபோது அது அவருடையதாக இல்லை. அவளுடையதாகவும் இல்லை. யாருடையதும் அல்லாத அந்தச் சொல் கூண்டுக்குள் விளக்கு மாதிரி நின்றது. அதைத்தான் அவர் சொல்கிறார்! அவர் சொல்லிக்கொண்டிருப்பதேதான் இங்கே நடந்துகொண்டிருக்கிறது! வாயாடிக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஐயோ, இது எனக்கு வந்திருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அது போயிற்று.

போனதோடு எல்லாம் போயிற்று. பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவள் காதில் விழுந்தது வெறும் ஓசை. வாயில் ஒரு சொல் இல்லை. தமிழ் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் நிசப்தம். ஒரு தலை திரும்பியது, பிறகு இன்னொன்று. கண்ணாடிக்கு வெளியே முகங்கள் கூண்டைப் பார்த்தன. அவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விலாவில் ஒரு இடி விழுந்தது. அண்ணி தன் மைக்கைத் தட்டிவிட்டு, கிழிந்துபோன குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து, பேராசிரியரின் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிமுடித்தாள். தகரத்தைத் தரையில் தேய்த்தது போலிருந்தது. உடனே இருமல் பொத்தானை அழுத்திக்கொண்டு வாயாடியிடம் மூச்சாகவே சொன்னாள்.

"பேசுடி. சாகாதே. பேசு."

வாயாடி பேசினாள். அந்த வெளிச்சம் திரும்பி வரவில்லை. ஆனாலும் பயமும் திரும்பி வரவில்லை. தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்து உரையைக் கரைசேர்த்தாள். கைதட்டல் எழுந்தபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கேள்வி நேரம். இப்போது வேலை இரண்டு பக்கமும்: தமிழ்க் கேள்வியை அவர் மொழியில் சொல்ல வேண்டும், பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் ஆளாகச் செவிலி எழுந்தாள்.

"நான்னு யாரைச் சொல்றேன்னு கேட்டீங்கல்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அந்த அமைதியில எனக்கு என்னவோ ஆயிடுச்சு. நாள் பூரா ஓடுற மனசு அப்படியே நின்னுடுச்சு. அதை வேணும்னே செஞ்சீங்களா?"

வாயாடி அதைப் பேராசிரியரின் மொழியில் சொன்னாள். அவர் விழித்தார். நான் எங்கே நிறுத்தினேன், நிறுத்தவே இல்லையே என்றார். வாயாடி அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னால் செவிலி குழம்புவாள். அரங்கு கூண்டைப் பார்க்கும். ஏதாவது மழுப்பிவிடலாம். ஒலிக் கருவியில் கோளாறு என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒலிக்காரர்கூட மறுத்துப் பேசமாட்டார்.

உரைபெயர்ப்பாளர் சொந்தமாக எதையாவது சொல்ல நேர்ந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் 'இப்போது பேசுவது உரைபெயர்ப்பாளர்' என்று சொல்ல வேண்டும். மைக் வேலை செய்யவில்லை என்பதற்கு மேல் அவள் அதைப் பயன்படுத்தியதில்லை. அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்து, வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

"இப்போது பேசுவது உரைபெயர்ப்பாளர்" என்றாள் வாயாடி, இரண்டு மொழியிலும். "அந்த அமைதி என்னுடையது. அவர் எதைப் பற்றிச் சொன்னாரோ அது எனக்கு நடந்தது. நடக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னிக்க வேண்டும்."

அரங்கு முழுக்கத் திரும்பியது. பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூரத்துக் கூண்டை உற்றுப் பார்த்தார். பிறகு கையில் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வேகவேகமாக நடந்துவந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரயிலைப் பிடிக்க ஓடி வருகிற ஆளுடைய முகம். கூண்டின் கண்ணாடியில் மூக்கு படுகிற தூரத்தில் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்க, அவள் அதைத் தமிழில் சொல்லி, தன் பதிலைத் தமிழில் சொல்லி, அதையே அவர் மொழியில் அவருக்குச் சொன்னாள். அன்றுதான் அவளுடைய 'நான்' அவளுக்கே சொந்தமாக இருந்தது. சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

நினைவு தப்பியதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் உனக்கு என்ன தெரிந்துகொண்டிருந்தது என்றார்.

"எல்லாமே தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிறவதான் அங்க இல்ல."

அவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். எப்போது கலைந்தது என்றார். எனக்கு வந்துவிட்டது என்று பிடிக்கப் போனபோது என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இது முதல் வாசல், இதற்கு அப்பால் இன்னும் பல வாசல் இருக்கிறது, பழைய ஆசிரியர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். பாதி வாழ்க்கை இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், நான் பேசும்போதே என் அரங்கில் ஒருத்திக்கு இது நேர்ந்திருக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேனே என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது வாயாடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரங்கே சிரித்தது. செவிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி வர என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் வாயாடி கேட்டாள்.

அதை நீ எனக்குச் சொல்வாய் என்றுதான் ஓடி வந்தேன் என்றார் அவர்.

அண்ணன் வண்டியில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டான். வாயாடியால் உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் பின்கண்ணாடியில் தங்கையைப் பார்த்துப் பார்த்து, கடைசியில், அப்போ சமாதின்னா சாகாமலே நடக்கிற விஷயமா என்று கேட்டான். ஆமாம் என்றாள். பரவாயில்லையே என்றான் அவன்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, தேநீர் போட்டுக் குடித்து, தொண்டையில் கொஞ்சம் உயிர் வந்த பிறகுதான் வெடித்தாள்.

"நம்ம வேலை கண்ணாடி மாதிரி. கண்ணாடின்னு ஒன்னு இருக்கிறதே தெரியக் கூடாது. நீ அதுல உன் மூஞ்சியை வரைஞ்சு வெச்சுட்டு வந்திருக்க."

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"சொல்லியிருக்கணும்னு சொல்லல. என் அரை மணி நேரம்டி அது. இந்தப் பாழாப்போன இருமல் வராம இருந்திருந்தா..."

வாயாடி தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி பல வருடமாக ஏங்கிய ஏதோ ஒன்று தனக்குத் தற்செயலாகக் கிடைத்துவிட்டது போலவும், அதைத் தான் தெருவில் நின்று கூவியதுபோலவும் இருந்தது. நீ இழுத்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேயே வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் சொன்னாள். அண்ணி கோப்பையை வாங்கிக் கழுவினாள். ஆனால் கழுவும்போது தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை அண்ணி நடித்துக் காட்ட, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு வாயாடி பட்ட பாடு கொஞ்சமல்ல. விடிந்ததும் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வந்ததா, வந்ததா என்று உள்ளே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முட்டி வலிதான் வந்தது. குளிக்கும்போது முயன்றாள், பேருந்தில் முயன்றாள். வேலையிலும் முயன்றாள். ஒரு மருத்துவர் கூட்டத்தில் அது வருகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில் சிறுநீரகத்தைக் கல்லீரல் என்று சொல்லிவைத்தாள். அண்ணி சீட்டில் 'கிட்னி கிட்னி கிட்னி' என்று எழுதி மூக்குக்கு நேரே பிடித்தாள். வெளியே வந்ததும், மோட்சத்தை வீட்டில் வைத்துக்கொள், இங்கே வேலை செய் என்றாள். வாயாடிக்கு வலித்தது. சரியாகவும் பட்டது. முயல்வதை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் வந்தபோது கழிவுநீர்க் குழாய்களைப் பற்றிய மாநாடு ஒன்றுக்குப் போனார்கள். அரங்கில் பாதி நாற்காலி காலி. மேடையில் ஒரு பொறியாளர், குழாய் இணைப்புகளில் வேர் புகுந்து அடைப்பதைப் பற்றி ஒரே தாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணியின் முறை. வாயாடி பேனாவைப் பிடித்துக்கொண்டு எண்களுக்காகக் காத்திருந்தாள். பொறியாளருக்கு எண்களில் ஆர்வமில்லை. எழுத ஒன்றும் இல்லாததால் அவள் அண்ணியைக் கேட்டாள்.

இத்தனை வருடமாகப் பக்கத்திலேயே ஒலித்த குரல். தவறு எங்கே வரும் என்று காத்திருந்தே கேட்டுப் பழகிய குரல். அன்று ஏனோ காத்திருக்கவில்லை. அண்ணி 'வேர்' என்று சொல்லும்போது ரகரத்தை எவ்வளவு மெல்லத் தொட்டுவிட்டுப் போகிறாள் என்று கேட்டாள். சலிப்பூட்டும் அந்தப் பொறியாளரிடம்கூட ஒரு நடை இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தமிழில் அவள் எப்படி நடக்கவைக்கிறாள் என்று கேட்டாள். ஒரு வாக்கியம், அடுத்த வாக்கியம். மண்ணுக்கடியில் இருட்டில் ஒரு வேர் ஈரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் மழைத்தூறல் போல விளக்கொளி சிதறியிருந்தது. குரல் இருந்தது, வேர் இருந்தது. யார் கேட்டுக்கொண்டிருந்தது என்ற கேள்வி எழவே இல்லை.

வந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. உள்ளே குபீரென்று ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அதுவும் எழட்டும் என்று இருந்தாள். மகிழ்ச்சி எழுந்து, நின்று, அண்ணியின் குரலுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. எதுவும் கலையவில்லை.

அண்ணி முழங்கையால் இடித்தாள். அரை மணி ஆகிவிட்டது. இருமல் பொத்தானை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"என்ன, சாக்கடைக்கு இவ்வளவு சிரிப்பு?"

"நல்லா பேசினீங்க அண்ணி. அதான் கேட்டுட்டே இருந்துட்டேன்."

அண்ணி சந்தேகத்தோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலியா என்று தேடினாள், கிடைக்கவில்லை. பேனாவை எடுத்துச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடுவையை வாயாடி பக்கம் நகர்த்தி வைத்தாள். பொறியாளர் அடுத்த படத்தைத் திரையில் போட்டார். வாயாடி மைக்கைத் தட்டினாள்.